ஆறு கிழமையும் ஆறு மாதமும்

லண்டனில் ஒரு சட்டத்தரணி தண்டச் சீட்டு வழக்கை எடுத்தால் அவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். அப்போது தண்டம் 130 பவுண்ட், பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி. என் ஒரு மணித்தியாலக் கட்டணம் அதைவிடக் கூட. ஆனாலும் 2021 வசந்த காலத்தில் அப்படியொரு வழக்கை எடுத்தேன். தெரிந்த குடும்பம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பெயரையும் தெருவையும் கவுன்சிலையும் இங்கே எழுதப்போவதில்லை. தென்லண்டன் என்பது போதும்.

அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் ஆறு வெள்ளை உறைகள். அதில் இரண்டு உடைக்கப்படாமலே இருந்தன. "ரீவி லைசென்ஸ்காரன் எண்டு நினைச்சு வைச்சிட்டன் தம்பி" என்றார். உடைத்துப் பார்த்தேன். இரண்டிலும் தண்டம் 195 ஆக ஏறியிருந்தது. காலக்கெடுவுக்குள் கட்டவும் இல்லை, மறுத்து எழுதவும் இல்லை என்றால் கவுன்சில் ஒன்றரை மடங்கு கேட்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் கமெரா எடுத்த படம்: காரின் பின்பக்கம், இலக்கத் தகடு, மூலையில் நேரம். எல்லாமே காலை ஆறு மணிக்குச் சற்று முன்பின். அவருடைய கணவருக்கு வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ். முதல் சுற்றில் இடம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் குறுக்குத் தெருவால் போனால் பத்து நிமிடம்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த றோட்டாலைதான் போறன். இப்ப ரெண்டு பூச்சாடியை வைச்சிட்டு எனக்குக் குற்றம் எண்டுறாங்கள்."

பூச்சாடி என்று அவர் சொன்னது பெரிய மரப்பெட்டிகள். மண் நிரப்பிச் செடி நட்டு, தெருவின் குறுக்கே வைத்திருந்தார்கள். நடப்பவர் போகலாம், சைக்கிள் போகலாம், தீயணைப்பு வண்டி போகலாம். மற்ற வாகனம் நுழைந்தால் கமெரா பார்க்கும். இங்கே இதை எல்.டி.என். என்பார்கள்: வாகனம் ஊடறுத்துப் போக முடியாதபடி ஆக்கப்பட்ட குடியிருப்புத் தெருக்கள். எந்த வீட்டுக்கும் காரில் போகலாம். ஆனால் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேற முடியாது.

யோசனை புதிதல்ல. வால்தம் ஃபொரெஸ்டில் 'மினி ஹொலண்ட்' என்ற பெயரில் 2014, 2015 இலேயே செய்துவிட்டார்கள். அப்போது எதிர்த்தவர்கள் வால்தம்ஸ்டோ வீதியில் சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். 2020 மே மாதத்தில், கொரோனா முடக்கத்தின் நடுவே, அன்றைய போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷப்ஸ் நடைக்கும் சைக்கிளுக்கும் 250 மில்லியன் பவுண்ட் அவசர நிதி அறிவித்தார். வாரக்கணக்கில் செய்து முடியுங்கள் என்று கவுன்சில்களுக்குச் சொல்லப்பட்டது. பஸ்ஸில் ஏற ஆட்கள் பயந்த காலம். எல்லோரும் காரை எடுத்தால் நகரம் அடைத்துப்போகும் என்பது அரசின் கணக்கு. அந்த அவசரத்துக்குக் கைகொடுத்தது 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அதன்படி ஒரு கவுன்சில் 'பரீட்சார்த்தக் கட்டளை' போடலாம். முதலில் தெருவை மூடிவிட்டுப் பிறகு அபிப்பிராயம் கேட்கலாம். ஆயுள் அதிகபட்சம் 18 மாதம். முதல் ஆறு மாதத்துக்குள், இதை நிரந்தரமாக்க வேண்டாம் என்று யாரும் ஆட்சேபனை எழுதலாம்.

கட்டளையே செல்லாது என்று நீதிமன்றம் போக வேண்டுமானால் அதற்கு வேறு கணக்கு. கட்டளை போட்டு ஆறு கிழமைக்குள் ஹைகோர்ட்டில் மனு இருக்க வேண்டும். விளக்குக் கம்பத்தில் கட்டிய ஏ4 தாளைச் சனங்கள் வாசித்து, அது என்னவென்று பக்கத்து வீட்டில் விசாரித்து, கோபம் வந்து, ஆளைத் தேடிப் பிடிக்கும்போது ஆறு கிழமை போய்விட்டிருக்கும். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அக்கா வந்தபோது அந்த வாசல் அடைபட்டுவிட்டது. அதைச் சொன்னேன்.

"அப்ப கோர்ட்டுக்குப் போகேலாதோ?"

"கட்டளைக்கு எதிராப் போகேலாது அக்கா. தண்டத்துக்கு எதிராப் போகலாம்."

லண்டன் டிரைபியூனல்ஸ் என்ற சுயாதீனத் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. கவுன்சில் உங்கள் மறுப்பை நிராகரித்தால் அங்கே செலவில்லாமல் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கிருக்கும் தீர்ப்பாளரின் கை கட்டப்பட்ட கை. விதிமீறல் நடந்ததா, பலகை தெளிவாக இருந்ததா, சீட்டு சட்டப்படி அனுப்பப்பட்டதா, இவைதான் அவர் பார்ப்பவை. நோயாளியை ஏற்றிப் போனேன், அவசரம், தெரியாது என்பவை அவருடைய அதிகாரத்துக்கு வெளியே. இரக்கம் காட்டும் உரிமை கவுன்சிலுடையது. கவுன்சில் ஏற்கெனவே காட்டமாட்டேன் என்று எழுதியிருந்தது. மாற்று வழி உண்டு என்று ஒரு வரி. அந்த மாற்று வழி பிரதான வீதி, காலையில் அரை மணித்தியாலம். திரும்பி வரும்போது, டயாலிசிஸ் முடிந்து களைத்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் கூட.

எனவே பலகையைப் பார்க்கப் போனேன். சிவப்பு வளையத்துக்குள் ஒரு கார், அதன் மேலே ஒரு மோட்டார் சைக்கிள். மோட்டார் வாகனம் எதுவும் போகக்கூடாது என்று பொருள். சிவப்புக் கோடு குறுக்கே வெட்டியிருக்காது, 'போகாதே' என்ற சொல்லும் இல்லை. கார் மேலால் மோட்டார் சைக்கிள் பாய்ந்து போவதுபோல்தான் படம் தெரியும். இங்கிலாந்துக்காரர்களே அதைப் 'பறக்கும் மோட்டார் சைக்கிள்' என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் அது சட்டம் அங்கீகரித்த குறி. விளங்கவில்லை என்று வாதாட முடியாது. நான் போன அன்று இரண்டு பக்கத்துப் பலகைகளும் நேராக, சுத்தமாக நின்றன.

வழக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும். அந்தத் தெருவிலேயே இருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பம்தான் அதைக் காப்பாற்றியது. கணவன் மனைவி இருவரும் கணினி வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். அக்காவுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை குறைந்திருந்தது. ஏனென்றால் அவர்கள் திட்டத்தை ஆதரித்து ஜன்னலில் தாள் ஒட்டியிருந்தார்கள். மூடுவதற்கு முன் அந்தத் தெருவில் செயற்கைக்கோள் வழிகாட்டியைப் பார்த்து ஓடுகிறவர்கள் விடிய விடியப் பாய்ந்து போவார்கள் என்றும், மகளின் கையைப் பிடிக்காமல் கதவைத் திறந்ததில்லை என்றும் அந்த வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். பிறகு அலைபேசியை எடுத்து மகள் முதன்முதலாகத் தெருவில் சைக்கிள் ஓடிய படங்களைக் காட்டினார். பெருமைக்காகத்தான் காட்டினார்.

படத்தில் பிள்ளைக்குப் பின்னால் கம்பம் தெரிந்தது. பலகை வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தக் காலத்தில் கோபக்காரர்கள் இரவில் பலகையைத் திருப்புவதும் கமெராவுக்கு மை அடிப்பதும் லண்டன் முழுக்க நடந்தன. மறுபக்கத்துப் பலகையை, வீடு திருத்துபவர்கள் கட்டிய சாரம் மறைத்திருந்தது. படம் ஒரு வெள்ளி மாலையில் எடுத்தது. அடுத்த புதன் எடுத்த இன்னொரு படத்திலும் பலகை அதே கோணத்தில். இடையில் வந்த சனிக்கிழமையும் செவ்வாயும் அக்காவுக்குச் சீட்டு விழுந்த நாட்கள்.

படத்தைத் தருவீர்களா, கூட ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"அண்ணை, இதை வைச்சு றோட்டைத் திறக்கேலுமோ?"

"ஏலாது. தண்டம் மட்டும்தான்."

"அப்ப தாறன். அவ போறது ஆஸ்பத்திரிக்கு. எனக்கும் தெரியும்."

விசாரணை தொலைபேசியில். அக்காவின் சமையலறை மேசையில் கைபேசியை வைத்து ஒலியைக் கூட்டிவிட்டோம். தீர்ப்பாளர் பொறுமையானவர். அக்காவை ஐந்து நிமிடம் பேசவிட்டார். அவர் டயாலிசிஸ் பற்றியும் இருபத்திரண்டு வருஷம் பற்றியும் சொன்னார். தீர்ப்பாளர் அனுதாபம் தெரிவித்துவிட்டு, அதற்குத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார். பிறகு படங்களுக்கு வந்தார். கவுன்சில் அனுப்பிய பலகைப் படம் வேறொரு மாதத்தில் எடுத்தது. குறித்த இரண்டு நாட்களிலும் பலகை ஓட்டுநருக்குத் தெரிந்தது என்பதற்குச் சான்று அவர்களிடம் இல்லை. போதிய குறியீடு வைத்துக் காப்பது கவுன்சிலின் சட்டக் கடமை என்று சொல்லி அந்த இரண்டு சீட்டையும் இரத்துச் செய்தார். பின்னைய நாட்களுக்குரிய மற்ற இரண்டும் நின்றன. காலம் தப்பிய இரண்டையும் சேர்த்து 650 பவுண்ட் அக்கா கட்டினார். பாதிகூட வெற்றியில்லை.

அதே வருடம் லம்பெத் வழக்கின் தீர்ப்பு வந்தது. நடமாட்டச் சிரமம் உள்ள, காரை நம்பி வாழும் ஒரு பெண், லம்பெத் கவுன்சிலின் இத்தகைய கட்டளைகளுக்கு எதிராக ஹைகோர்ட் போயிருந்தார். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவுப்படி, ஒரு பொது நிறுவனம் முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன நேரும் என்பதை உரிய கவனத்தோடு பார்க்க வேண்டும். தெருவை மூடுமுன் பார்க்கவில்லை என்பது அவருடைய வாதம். நீதியரசர் கெர் அதை ஏற்கவில்லை. பரீட்சார்த்தக் கட்டளை என்பதே பார்த்துப் பார்த்துத் திருத்துவதற்கானது, மதிப்பீட்டையும் அப்படிப் படிப்படியாகச் செய்யலாம் என்றார். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 2021இலேயே ஹக்னியில் குடியிருப்பாளர்கள் போட்ட வழக்கும் தோற்றது. டாக்ஸிக்காரர்களின் சங்கங்கள் மேயருக்கும் டிரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டனுக்கும் எதிராக அதே வருடம் ஜனவரியில் வென்றன, ஜூலையில் மேன்முறையீட்டில் இழந்தன. ஜனவரித் தீர்ப்பு வந்த கிழமை அக்கா போன்ற எத்தனையோ பேர் எல்லாத் தெருவும் திறந்துவிடும் என்று நம்பினார்கள்.

லம்பெத் தீர்ப்பை வானொலியில் கேட்டுவிட்டு அக்கா எடுத்தார். "அந்தப் பிள்ளை ஏன் தோத்தது?" தொலைபேசியில் விளங்கப்படுத்துவது கஷ்டம். நீதிமன்றத்தில் யாரும் தெருவை மூடுவது நல்லதா என்று கேட்பதில்லை. நல்லதா கெட்டதா என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரின் வேலை. முடிவெடுத்த முறை சரியா என்பதுதான் நீதிபதியின் கேள்வி. சொன்னபோது அவர், "அப்ப முறையாய்ச் செய்து என்னைக் கொன்றாலும் பரவாயில்லையோ" என்றார். சட்டக் கல்லூரியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தரவில்லை.

நியாயம் ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் இந்த வழக்கு என் மனதில் நின்றிருக்காது. ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்ற வந்த பெற்றோரிடையே இதே பேச்சு நடந்தது. ஒருவர் இரவு வேலைக்குப் போகும் ஆள்: மூடிய தெருவில் கார் வெளிச்சம் இல்லை, நடக்கப் பயம் என்று அவருடைய மனைவி சொல்கிறாராம். பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு வான் சுற்றிவரும் செலவு. பிரதான வீதியில் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கும் ஒரு தாய்க்கு, உள்தெருக்காரரின் காற்றைச் சுத்தமாக்கிப் புகையைத் தன் ஜன்னலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற ஆத்திரம். சைக்கிள் பழகினால் என்ன என்று யாரோ ஒரு இளைஞர் கேட்க, அக்கா திரும்பினார். "யாழ்ப்பாணத்திலை பெற்றோல் தடையிருந்த காலம் முழுக்கச் சைக்கிளிலை திரிஞ்சனான் தம்பி. அரிசி மூட்டையும் கட்டித் திரிஞ்சனான். எனக்கே சைக்கிள் படிப்பிக்கிறியள்? இந்த மனுசனை எந்தக் கரியரிலை ஏத்த?" எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலில் தாள் ஒட்டியவரும் சிரித்தார்.

பிரதான வீதித் தாயின் குறை மேலோட்டமாகத் தள்ளக்கூடியதல்ல. ஆனால் ஆய்வு முழுமையாக அவர் பக்கமும் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டனில் 46 திட்டங்களின் எண்ணிக்கைகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்டதில், உள்தெருக்களில் வாகனம் நன்றாகக் குறைந்திருந்தது, எல்லை வீதிகளில் சராசரி மாற்றம் மிகச் சிறிது. சராசரி என்பதுதான் அங்கே பிரச்சினை. ஒரு வீதியில் குறைந்து இன்னொன்றில் கூடினாலும் சராசரி சும்மா இருக்கும், கூடின வீதியில் இருப்பவர் சும்மா இருக்கமாட்டார். 2024 மார்ச்சில் அரசாங்கத்தின் சொந்த மீளாய்வு வந்தது. அப்போதைய பிரதமர் ரிஷி சுனாக் இந்தத் திட்டங்களை விரும்பாதவர். ஆனாலும் நான்கு இடங்களில் குடியிருப்பாளர்களைக் கேட்டபோது ஆதரவு 45 வீதம், எதிர்ப்பு 21 வீதம் என்று அதில் இருந்தது. இன்னொரு எண் எனக்குப் பெரிதாகப் பட்டது: 58 வீதமானோருக்குத் தாங்கள் அப்படியொரு பகுதிக்குள் வாழ்வதே தெரியாது.  டவர் ஹம்லெட்ஸில் மேயர் திட்டங்களை அகற்ற முடிவெடுத்தபோது, வைத்திருங்கள் என்று கேட்டு நீதிமன்றம் போனவர்களும் குடியிருப்பாளர்கள்தான்.

தண்டம் கட்டி முடித்த பிறகு நாங்கள் செய்தது, செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்த வேலை. ஆறு மாத ஆட்சேபனைக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முதலில் எழுதிவந்த கடிதம் இரண்டு பக்கம் வசை. கவுன்சில் தலைவர் வீட்டுத் தெருவை மூடவில்லை, காசு பறிக்கிறார்கள், இப்படி. அதை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று கிழமைக்கு ஒரு கொப்பியில் குறிக்கச் சொன்னேன்: வீட்டை விட்ட நேரம், ஆஸ்பத்திரி வாசலை அடைந்த நேரம், எந்த வழி, கணவரின் நிலை. ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் முதல் சுற்று நேரத்தை உறுதிப்படுத்திக் கடிதம் தந்தார். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. தெருவைத் திற என்பதல்ல. நீல அட்டை வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கு அந்தக் கமெராவில் விலக்குக் கொடு என்பது. ஜன்னலில் தாள் ஒட்டியவரும் அந்தக் கோரிக்கையை ஆதரித்துத் தனியாக எழுதினார். சில மாதங்களில் கவுன்சில் நீல அட்டைக்காரருக்கு ஒரு வாகனத்துக்கு விலக்கு அறிவித்தது. எங்கள் கடிதத்தால்தான் என்று நான் உரிமை கொண்டாடமாட்டேன். அந்தக் காலத்தில் பல கவுன்சில்கள் அப்படிச் செய்தன. விலக்கு தானாக வராது, வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிய வேண்டும். அக்காவின் மகள் அன்றிரவே பதிந்தாள்.

2025 மே 9ஆம் திகதி வெஸ்ட் டல்விச் தீர்ப்பு வந்தபோது அந்தக் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. மறுபடி லம்பெத் கவுன்சில், மறுபடி ஹைகோர்ட். அங்கே குடியிருப்பாளர் குழுவொன்று, திட்டம் சுற்றுவீதிகளுக்கு என்ன செய்யும் என்பது பற்றி 53 பக்க விளக்கவுரை ஒன்றைத் தயாரித்துக் கவுன்சிலிடம் கொடுத்திருந்தது. முடிவெடுத்தபோது அதிலிருந்தவை கணக்கில் எடுக்கப்படவில்லை. துணை ஹைகோர்ட் நீதிபதி டிம் ஸ்மித் அதைப் பாரதூரமான தவறு என்று கண்டு, அந்த ஒரு காரணத்தில் வழக்கை அனுமதித்தார். மற்ற வாதங்கள் எடுபடவில்லை. குழுவினர் வாகனம் குறைவதை எதிர்த்தவர்களும் அல்ல, இந்த வடிவத்தைத்தான் எதிர்த்தார்கள்.

அதன் சட்ட வேர் பழையது. 1985இல் பிரென்ட்டில் பள்ளிக்கூடங்களை மூடுவது பற்றிய கன்னிங் வழக்கில் ஸ்டீபன் செட்லி முன்வைத்த நான்கு விதிகள்: முடிவெடுக்குமுன் கேள், காரணத்தை விளக்கிக் கேள், பதிலளிக்க அவகாசம் கொடு, வந்த பதிலை மனச்சாட்சியோடு பார். 2014இல் ஹரிங்கே வழக்கில் சுப்ரீம் கோர்ட் அவற்றை உறுதிசெய்தது. வெஸ்ட் டல்விச் தீர்ப்பு எனக்கு நினைவூட்டுவது நான்காவதை. ஆனால் மனச்சாட்சியோடு பார்க்கவில்லை என்று வாதிட, பார்ப்பதற்கு ஏதாவது கையில் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வருடமாகத் தோற்றுவந்த ஒரு வகை வழக்கில் அவர்கள் வென்றதற்கு அந்த 53 பக்கம்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே ஈஸ்ட்ஹாமிலோ, டூட்டிங்கிலோ, ஹரோவிலோ, எங்கே இருந்தாலும், உங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் கட்டியிருந்தால் நின்று வாசியுங்கள். கட்டளை போட்ட திகதியையும் அது நடைமுறைக்கு வரும் திகதியையும் படம் எடுங்கள். முதலாவதிலிருந்து ஆறு கிழமை எப்போது முடிகிறது, இரண்டாவதிலிருந்து ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று கலண்டரில் குறியுங்கள். ஆதரவென்றாலும் எதிர்ப்பென்றாலும் எழுதுங்கள். ஆத்திரத்தை விட்டுவிட்டு நேரத்தையும் தூரத்தையும் எழுதுங்கள், என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு வரியில் கேளுங்கள். வெள்ளை உறை வந்தால் அன்றே உடையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து லண்டனில் இந்தத் தண்டம் 160 பவுண்ட்.